பின்வாசல் அறையும் பதினொரு பாதமும்

லொங்குய்ய்
செப்ரெம்பர் 22, வெள்ளி

அன்புள்ள மருமகள் நிரஞ்சனிக்கு,

லொங்குய்ய் நகரத்தின் ஒன்பதாம் மாடியில், ஆற்றுக்கு இக்கரையில், நாடுகடத்தப்பட்ட நிலையில் வாழும் உன் தாய்மாமன் மரியதாசன் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. பதினேழு குரல்செய்தி அனுப்பினேன். ஒவ்வொன்றும் ஒரு ஆயரின் மறையுரை நீளம். ஒன்றையாவது கேட்டிருந்தால் உன் மனம் மெழுகாக உருகிக் காலில் வழிந்திருக்கும். கேட்கவில்லை. ஆகவே கடைசி ஆயுதமான பேனாவை எடுத்திருக்கிறேன்.

உன் மாமி கத்தரின் என் ஒற்றர் படைத் தலைவி என்பது உனக்குத் தெரியாததல்ல. புதனும் சனியும் உன் மகள் றெபேக்காவைப் பார்த்துக்கொள்ள அஹுன்ட்சிக்குக்கு வருகிறவள், திரும்பும்போது ஒரு சட்டி குழம்பும் ஒரு மூட்டை செய்தியும் கொண்டுவருகிறாள். போன சனி வந்த செய்தியில் நான் கதிரையிலிருந்து மூன்றடி எழும்பிவிட்டேன். களஞ்சிய வேலையை விட்டுவிட்டாயாம். வீட்டிலேயே ஆறு பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் கார்டெரி நடத்தப் போகிறாயாம். பேஸ்மென்ற் பின்வாசலில், வோஷிங் மெஷின் நிற்கும் அந்த அறையைத் திருத்தி, பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றி உள்ளே வரும் அறையாகவும் உடுப்புத் தோய்க்கும் அறையாகவும் சேர்த்துக் காட்டவேண்டுமாம். டிசெம்பர் பதினைந்தாம் திகதி அனுமதி கொடுக்கும் அதிகாரி வருவாராம். அன்றைக்குச் சரிவராவிட்டால் அடுத்த இலையுதிர்காலம் வரை அனுமதி இல்லையாம். அதற்குள் அந்த ஆறு குடும்பமும் வேறு இடம் பார்த்துவிடுமாம். உன் புருஷன் ஜெனாட் லொறியோடு வன்கூவருக்கும் இங்கேயுமாக ஓடித்திரிகிறான். நீ தனியாகச் சுத்தியல் பிடிக்கப் போகிறாய்!

பிள்ளை, அந்த வீட்டை முதலில் வாங்கியவன் யார்? இருபத்திரண்டு வருடம் அதன் ஒவ்வொரு ஆணியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் யார்? மொன்றியல் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கொள்கலன்களைக் கம்பியால் கட்டியவன் நான். நான் கட்டியதை அவிழ்க்க முடியாமல் அத்திலாந்திக் சமுத்திரமே அழுதுகொண்டு திரும்பிப்போன கதையைத் துறைமுகத்தில் கேட்டுப்பார்.

இத்தோடு வரைபடம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் உட்காரும் வாங்கு தேக்கு மரத்தில். இரண்டு பக்கமும் சிங்கத்தலை. கோட்டு மாட்டப் பிள்ளைக்கு ஒரு கொழுவி, கொழுவிக்கு ஒரு குட்டி விளக்கு. வோஷிங் மெஷினுக்குத் தனி மண்டபம், வளைவான வாசல். கூரையில் மேகம் வரைவோம். ஒரு சொல் சொல், உளியோடு முதல் மெற்றோவில் ஏறுகிறேன்.

கட்டளைக்குக் காத்திருக்கும்,
மாமா


அஹுன்ட்சிக்
செப்ரெம்பர் 27, புதன்

மாமாவுக்கு,

கடிதம் மாமி கையில் கிடைத்தது. சிங்கத்தலையை றெபேக்கா நாய் என்று நினைத்துச் சிவப்புக் கலர் அடித்துவிட்டாள்.

கடிதமாக எழுதினால் வாசிப்பேன். போனில் இரண்டாவது நிமிடம் நீங்கள் கத்துவீர்கள், மூன்றாவது நிமிடம் நான் கத்துவேன். தாளில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நீங்கள் உளியோடும் வரவேண்டாம், உளியில்லாமலும் வரவேண்டாம். இனி என் வீட்டுப் படி மிதிக்காதேங்கோ என்று பெரிய சனிக்கிழமை நான் சொன்னது சொன்னதுதான்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். புது மெஷினுக்குக் குழாய் பூட்டித் தருகிறேன் என்று வந்தீர்கள். "அஞ்சு நிமிச வேலை பிள்ளை, நீ பூசைக்கு வெளிக்கிடு" என்றீர்கள். குழாயின் வளையத்தை இறுக்கவில்லை. பாஸ்கா பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தால் பேஸ்மென்ற் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். என் கலியாண அல்பம் வாசலுக்கு மிதந்துவந்து என்னை வரவேற்றது. நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பரவாயில்லை, தண்ணி சுத்தமான தண்ணிதான்."

அறையை நானே செய்கிறேன். யூரியூபில் பார்த்திருக்கிறேன். பலகை வெட்டும் மெஷின் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. உங்களிடம் எனக்கு வேண்டியது ஒரேயொரு தகவல்.

அதிகாரி அம்மா முதல்முறை வந்தபோது கேட்டது இதுதான்: "பிள்ளைகளின் பூட்ஸிலிருந்து உருகும் பனியும், மெஷின் உடைந்தால் வரும் தண்ணீரும் எங்கே போகும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தெருவில் இதே மாதிரி வீடுகள் எல்லாவற்றிலும் பேஸ்மென்ற் தரையில் ஒரு வடிகால் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இருக்கிறது, எதிர் வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. தரை முழுக்க நீங்கள் பதித்த ரைல்ஸ்தான் இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டேன். முழுத் தரையையும் உடைத்துத்தான் தேடவேண்டும், தனக்கு ஜனவரிக்கு முன் நேரமில்லை என்றார்.

இந்த வீட்டில் வடிகால் இருந்ததா? இருந்தால் எங்கே?

நிரஞ்சனி


லொங்குய்ய்
செப்ரெம்பர் 29, வெள்ளி

என் கண்ணான மருமகளுக்கு,

உன் கடிதத்தைக் கண்டதும் இங்கே ஆற்றுப்பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு என் மருமகளின் கையெழுத்து! கத்தரின் "அழுகிறீங்களோ?" என்று கேட்டாள். வெங்காயம் வெட்டுகிறேன் என்றேன். வெங்காயம் எங்கே என்று அவள் கேட்கவில்லை, நல்லவள்.

முதலில் வாங்கின் உயரத்தைப் பேசுவோம். மூன்று வயதுப் பிள்ளை தானாக ஏறி உட்காரவேண்டும், ஆனால் தாயும் குனிந்து சப்பாத்து மாட்டவேண்டும். ஆகவே இரண்டு தட்டு. இது உலகத்திலேயே யாரும் யோசிக்காத யோசனை. கொழுவிகளைச் சுவரில் நேரே அடிக்காதே. முதலில் ஒரு நீளப் பலகை, அதில் கொழுவி. இல்லாவிட்டால் ஒரே குளிர்காலத்தில் ஆறு ஸ்னோசூட்டும் சுவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். 98ஆம் ஆண்டு உன் மாமியின் கோட்டு ஒன்று அப்படித்தான் அரைச் சுவரோடு விழுந்தது.

சவர்க்காரத் தூளுக்கு மேல்தட்டு, பூட்டுப் போட்டு, திறப்பு உன் கழுத்தில். மெஷினுக்கு முன்னால் மடிப்புக் கதவு. பூட்ஸ் வைக்க மரச்சட்டங்களால் ஒரு தட்டி, சட்டங்களுக்கிடையே ஒரு விரல் இடைவெளி. நிறத்துக்கு மஞ்சள் பூசு. பெப்ரவரி மாதத்தில் அந்த அறைக்குள் வருகிறவன் சூரியன் குடிவந்துவிட்டது என்று நினைத்துக் கோட்டைக் கழற்றவேண்டும்.

மற்றது, நீ கேட்ட அந்த விஷயம். வீடு பழையது. பழைய வீடுகளில் பல விஷயங்கள் இருக்கும். சில இருக்காது.

(மேலே மூன்று வரி வெட்டியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.)

என்றும் உன்,
மாமா


அஹுன்ட்சிக்
செப்ரெம்பர் 30, சனி

மாமா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அந்தச் சுவாமி வந்த நாள்" என்று மட்டும் தெரிகிறது.

பலகையில் கொழுவி அடிப்பது நல்ல யோசனை, செய்கிறேன். இரண்டு தட்டு வாங்கையும் நேற்றே வெட்டிவிட்டேன். உலகத்தில் யாரும் யோசிக்காததை யூரியூபில் நாலாயிரம் பேர் செய்து காட்டுகிறார்கள். என் வாங்கு ஆடவில்லை மாமா. மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். பிறகு மாமியையும் ஏற்றினேன். "என்னை வைச்சோ சோதிக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே அவவும் ஒருதரம் குதித்தா.

ஆனால் தண்ணீர் போக வழியில்லாவிட்டால் சிங்கத்தலை வைத்தாலும் அதிகாரி கையெழுத்துப் போடமாட்டா. வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன். அந்த ஆறு தாய்மாரில் இரண்டு பேர் பிள்ளைகளை இப்போது விடும் இடத்தில் இனி விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், என்னை நம்பி. இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள், ஒரு கேள்விக்குப் பதில் இல்லை.

எந்தச் சுவாமி? எந்த நாள்? என்ன செய்தீர்கள்?

நிரஞ்சனி


லொங்குய்ய்
ஒக்ரோபர் 3, செவ்வாய்

நிரஞ்சனி,

இது பாவசங்கீர்த்தனம். பாவசங்கீர்த்தனத்தில் பகிடி விடக்கூடாது. முடிந்தளவு முயற்சி செய்கிறேன்.

வடிகால் இருந்தது. 96ஆம் ஆண்டு வீடு வாங்கி இரண்டாம் மாதம், அதை மந்திரிக்கப் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டோம். பேஸ்மென்றில்தான் சாப்பாடு. நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். மூன்று நாளுக்கு முன் அந்தத் துவாரத்திலிருந்து ஒரு மணம் கிளம்பியது பார், மணமா அது! சுவரில் இருந்த அந்தோனியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தரின் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணி மணக்கும், அதற்கு அடியில் அதுவும் மணக்கும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று மணக்கும். முதல் வீடு, பிள்ளை. இந்த நாட்டில் எங்கள் ஆட்களில் முதலில் வீடு வாங்கியவன் என்று தோள் நிமிர்த்தித் திரிந்த காலம். சுவாமி மூக்கைப் பொத்திக்கொண்டு தீர்த்தம் தெளிப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு மூட்டை சீமெந்து வாங்கினேன். இரும்பு மூடியை அப்படியே விட்டு, மேலே சீமெந்து ஊற்றி, மேலே ரைல்ஸ் பதித்து, சோலி முடித்தேன். சுவாமி வந்தார், மந்திரித்தார், "நல்ல வாசமான வீடு" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக இருபத்தேழு வருடம்.

உனக்கு வீட்டைத் தந்தபோது சொல்லியிருக்கவேண்டும். வெட்கமாக இருந்தது. பிறகு மறந்துபோனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டம். அந்தப் பெரிய சனி, வளையத்தை இறுக்காதது என் பிழை. அது உனக்குத் தெரியும். ஆனால் வடிகால் இருந்திருந்தால் தண்ணீர் அறைக்கு வெளியே வந்திருக்காது. ஒரு துடைப்பத்தோடு போயிருக்கும். உன் அல்பத்தைத் தொட்டிருக்காது. நீ படியில் நின்று அழுதபோது எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் "சுத்தமான தண்ணிதான்" என்றேன். வாயிலிருந்து வேறு ஒன்றும் வரவில்லை.

இடம் சொல்கிறேன். மறக்கவில்லை. பின்வாசல் சுவரிலிருந்து பாதத்துக்குப் பாதம் வைத்துப் பதினொன்று, ஜன்னல் சுவரிலிருந்து நாலு. துறைமுகத்தில் நாங்கள் எல்லாம் அப்படித்தான் அளப்போம், அளவுநாடா கடலுக்குள் விழுந்துவிடும், கால் விழாது. என் பழைய வேலைப் பூட்ஸ் ஒன்றைக் கத்தரினிடம் கொடுத்துவிடுகிறேன். அதால் அள. இடது கால் பூட்ஸ். இரும்பு மூக்கு வைத்தது, கவனம்.

மாமா


அஹுன்ட்சிக்
ஒக்ரோபர் 21, சனி

மாமாவுக்கு,

இரண்டு கிழமை எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் தாளிலும் கத்தமுடியும் என்று கண்டுபிடித்தேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். மாமியிடம் கேளுங்கள், கடைசியில் கிழித்ததை அவதான் கூட்டி அள்ளினா.

இருபத்தேழு வருடம்! மணம் ஏன் வந்தது தெரியுமா? அந்தத் துவாரத்துக்குள் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் நிற்கவேண்டும். காய்ந்துபோனால்தான் மணக்கும். மாதத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு வாளி, மாமா. நீங்கள் ஒரு வாளிக்குப் பதில் ஒரு மூட்டை ஊற்றியிருக்கிறீர்கள்.

சரி. அதைவிட மோசமான செய்தி இருக்கிறது. போன வியாழன் அளந்தேன். உங்கள் பூட்ஸால், ஒவ்வொன்றாக, வெண்கட்டியால் கோடு போட்டு, பதினொன்று. பிறகு நாலு. இரண்டு நாள் உளியும் சுத்தியலுமாக உடைத்தேன். கை கொப்பளித்துவிட்டது. ஒரு முழம் அகலம், ஒரு சாண் ஆழம். கீழே மண் வந்துவிட்டது. வடிகாலும் இல்லை, மூடியும் இல்லை. என் அறையின் நடுவில் ஒரு பூசணிக்காயை அடக்கம் செய்யலாம் போல ஒரு குழி மட்டும் இருக்கிறது. றெபேக்கா அதைச் சுற்றிச் செபமாலை சொல்லி விளையாடுகிறாள்.

இன்னும் எட்டுக் கிழமைதான். ஜெனாட் வினிபெக்கில் நிற்கிறார். "மாமா சும்மா கதைக்கிறார், விடு" என்கிறார் போனில். இல்லை, இந்தமுறை மாமா உண்மைதான் சொன்னார் என்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். தயவுசெய்து அது உண்மையாக இருக்கட்டும்.

நிரஞ்சனி


லொங்குய்ய்
ஒக்ரோபர் 22, ஞாயிறு (கத்தரின் இதற்காகவே நாளைக்கு வருகிறாள்)

பிள்ளை, அவசரம்! உளியைக் கீழே வை!

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். கத்தரின் குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"என்னத்தால அளந்தவளாம்?"

"என்ர வேலைப் பூட்ஸால."

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு அறிவில்லையோ? என்ர வீட்டுக்குள்ள பூட்ஸோட நடக்க நான் எண்டைக்கு விட்டனான்?"

மருமகளே, வானத்திலிருந்து ஒரு கொள்கலன் என் தலையில் விழுந்தது. எந்தத் தமிழன் வீட்டுக்குள் சப்பாத்தோடு நடந்திருக்கிறான்? நான் அளந்தது வெறுங்காலால்! என் பூட்ஸ் கப்பல் அளவு, என் பாதமோ ஓடம் அளவு. பதினொரு முறை பிழைத்தால் என்னாகும்? நீ அடுத்த தெருவையே தோண்டியிருப்பாய், நல்லகாலம் சுவர் இருந்தது.

வெறுங்காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிவரக் கீறி இத்தோடு வைத்திருக்கிறேன். கத்தரின்தான் கீறினாள். கூச்சத்தில் நான் ஆடியதால் சின்னவிரல் கொஞ்சம் ஆபிரிக்காவின் தெற்குமுனை மாதிரி வந்திருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காதே. குதியிலிருந்து பெருவிரல் நுனிவரை அள.

இந்தப் பாதத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

மாமா


அஹுன்ட்சிக்
ஒக்ரோபர் 28, சனி

மாமா! மாமா! மாமா!

கிடைத்துவிட்டது!

பாதத்தை வெட்டிக் கடதாசி மட்டையில் ஒட்டினேன். றெபேக்கா ஒவ்வொன்றாக வைத்து எண்ணினாள்: ஆன், டூ, த்றுவா என்று பிரெஞ்சில் தொடங்கி, ஏழில் தமிழுக்கு வந்து, பதினொன்றில் கைதட்டினாள். முதல் குழியிலிருந்து முக்கால் மீற்றர் வாசல் பக்கம். ரைல் உடைத்து, உங்கள் சீமெந்தை உடைத்தேன். அந்தச் சீமெந்தை என்ன போட்டுக் குழைத்தீர்கள், மாமா? அணுகுண்டுக்குத் தாங்கும். நாலு மணித்தியாலத்தில் உளி "டிங்" என்றது. இரும்பு! வட்ட மூடி, ஒரு கீறல் இல்லை. கீழே கறுப்புத் துவாரம்.

மாமி ஒரு வாளி தண்ணீர் தந்தா. மூன்று பேரும் சுற்றிவர முழங்காலில் இருந்தோம். ஊற்றினேன். நின்றது. நின்றுகொண்டே இருந்தது. என் இதயமும்தான். பிறகு உள்ளே எங்கேயோ "குளுக்" என்று ஒரு சத்தம், முழு வாளியும் ஒரு சுழியாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது! மாமி "ஆமென்" என்றா. இன்னொரு வாளி. போய்விட்டது. இன்னொன்று. அன்றைக்குப் பதினாலு வாளி ஊற்றினோம், தேவையில்லாமல், சும்மா சத்தத்துக்காக.

குழியை நிரவிவிட்டேன். மற்ற ரைல்ஸையும் கழற்றிவிட்டு, முழுத் தரைக்கும் மட்டக்கோல் வைத்து நாலு பக்கமிருந்தும் வடிகாலை நோக்கிச் சரிவு எடுத்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியாத சரிவு, கோலிக்குண்டுக்குத் தெரியும். கரடான ரைல்ஸ், சறுக்காது. மேலே நீங்கள் சொன்ன மரத்தட்டி, விரல் இடைவெளியோடு. மடிப்புக் கதவு பொருத்தியாகிவிட்டது. மெஷின் குழாயின் வளையத்தை மூன்றுமுறை இறுக்கினேன், பிறகு நாலாவது முறையும்.

மஞ்சள்தான் பூசுகிறேன்.

நிரஞ்சனி


அஹுன்ட்சிக்
டிசெம்பர் 16, சனி

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் பாதிதான் கண்டீர்கள். மீதியைச் சொல்லவேண்டும்.

அதிகாரி அம்மா இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. வெளியே கொட்டிய பனி உங்களுக்குத் தெரியும். மூன்றுக்குப் போன் வந்தது, பாலத்தில் நிற்கிறேன் என்று. நாலுக்கும் வந்தது. ஐந்தரைக்குத்தான் வந்து சேர்ந்தா, மூக்கெல்லாம் சிவந்து, கையில் கோப்போடு. முன்படி முழுக்க ஐஸ், ஆகவே பின்வாசலால் கூட்டிவந்தேன். அறைக்குள் வந்து நின்றா. கொழுவியை இழுத்துப் பார்த்தா. சவர்க்காரப் பூட்டை ஆட்டிப் பார்த்தா. "தண்ணீர்?" என்று கேட்க வாயைத் திறந்தா.

அப்போதுதான் பின்வாசலில் மத்தளமும் கித்தாரும் கேட்டன. ஏழு மணிக்கு வரவேண்டிய பங்குக் கரோல் கோஷ்டி! இரண்டு வீட்டுக்குப் பாதை மூடியதால் எங்களிடம் முதலே வந்துவிட்டார்களாம். நான் "ஐயோ, இப்ப வேண்டாம்" என்று கைகாட்ட முதல் கோஷ்டித் தலைவி மாக்கிரட் அக்கா உள்ளே வந்துவிட்டா, அவவோடு சேர்த்து முப்பத்துநாலு பேர். அதிகாரி அம்மா ஒதுங்கி நின்று, பெருந்தன்மையாக, "பரவாயில்லை, பூட்ஸோடயே போகட்டும்" என்று பிரெஞ்சில் சொன்னா. மாக்கிரட் அக்கா நெஞ்சில் கைவைத்தா.

"வீட்டுக்குள்ள சப்பாத்தோடயோ! நோ மதாம், நோ!"

முப்பத்துநாலு பேரும் கழற்றினார்கள். அறுபத்தெட்டு பூட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ பனி. தட்டியில் அடுக்கு மேல் அடுக்கு, கீழே, வாங்கின் கீழே, மெஷின் கதவோடு. சூடான அறை. ஐந்து நிமிடத்தில் எல்லாம் உருகத் தொடங்கியது. மேலே அவர்கள் "பாலன் பிறந்தார்" என்று தொடங்கிவிட்டார்கள். கீழே நானும் அதிகாரியும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். தண்ணீர் முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு கோடாக, பிறகு எல்லாக் கோடும் சேர்ந்து ஓடியது. ஒரு துளி தவறவில்லை மாமா. எல்லாம் நடந்துபோய் வடிகாலுக்குள் இறங்கியது. குளுக்.

அவ முழங்காலில் இருந்து, ஓரத்து ரைல்ஸில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. காய்ந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கேட்கவேண்டிய கேள்விக்கு நீங்கள் முப்பத்துநாலு பேரை வைத்துப் பதில் சொல்கிறீர்கள்" என்றா. பிறகு குனிந்து தன் பூட்ஸையும் கழற்றித் தட்டியின் மூலையில் வைத்துவிட்டு, "மேலே கேக் இருக்கிறதா?" என்று கேட்டா.

கேக் சாப்பிட்டுக்கொண்டு ஜன்னலால் பார்த்தவதான் கேட்டா: "அந்த நத்தார் பாப்பா ஏன் உள்ளே வராமல் வெளியே நிற்கிறார்?"

எட்டிப் பார்த்தேன். படலையடியில் சிவப்பு உடுப்பும் பஞ்சுத் தாடியுமாக, முழங்கால் அளவு பனியில் நின்று மணி ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். கூட வந்த எல்லோரும் சூட்டில் இருக்க, நீங்கள் மட்டும்.

"அவர்தான் இந்த வடிகாலை மூடினவர்" என்றேன். "அவர்தான் திறந்து தந்தவரும்." அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவவுக்கு நான் விளக்குவதற்குள் கோஷ்டியும் பூட்ஸ் மாட்டி வெளியேறிவிட்டது, ஓடி வந்து கதவைத் திறக்கும்போது வான்கள் உங்களையும் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன.

முடிவு இன்னும் தெரியாது. மூன்று கிழமைக்குள் தபாலில் வருமாம். சிரித்துக்கொண்டுதான் போனா. ஆனால் சிரிப்பில் கையெழுத்து இல்லை.

ஏன் மாமா உள்ளே வரவில்லை?

நிரஞ்சனி


லொங்குய்ய்
டிசெம்பர் 19, செவ்வாய்

அன்பு மருமகளுக்கு,

அறுபத்தெட்டு பூட்ஸ்! இதைத் துறைமுகத்து ஓய்வூதியச் சங்கத்தில் சொன்னேன். நகுலேஸ்வரன் அண்ணை கதிரையிலிருந்து எழும்பிக் கைதட்டினார். நான் அறுநூற்று எண்பது என்று சொன்னதால் இருக்கலாம்.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். படி மிதிக்காதேங்கோ என்றாய், மிதிக்கவில்லை. தாடி ஒட்டிக்கொண்டால் ஆள் மாறிவிடுமா? கோஷ்டியில் எல்லோரும் இழுத்தார்கள். "நத்தார் பாப்பா புகைபோக்கியால் வருவதே வழக்கம், இந்த வீட்டில் புகைபோக்கி இல்லை" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை என்னவென்றால் பயம். நான் கால் வைத்தால் அந்த அறை ஏதாவது செய்துவிடும், நீ மூன்று மாதம் கொப்பளித்த கையோடு கட்டியது என்னைக் கண்டதும் இடிந்துவிடும் என்று. அதிகாரியின் கார் நிற்பதைக் கண்டேன், பிள்ளை. மணியை ஆட்டியது கரோலுக்காக அல்ல. உள்ளே ஏதாவது இடிகிற சத்தம் என் காதில் விழக்கூடாது என்றுதான்.

வெளியிலிருந்து ஜன்னலால் மஞ்சள் சுவர் தெரிந்தது. சூரியன் குடிவந்திருந்தது.

தபால் வந்தால் உடனே சொல். நாங்கள் இங்கே சாப்பாட்டையும் நித்திரையையும் விட்டுவிட்டோம். கத்தரின் சாப்பிடுகிறாள், நான்தான் இரண்டு பேருக்குமாகப் பட்டினி.

மாமா


அஹுன்ட்சிக்
ஜனவரி 6, சனி

அன்புள்ள மாமாவுக்கு,

அனுமதி வந்துவிட்டது. ஆறு பிள்ளைகள். என் பெயர் போட்டு, முத்திரை குத்தி.

தபால்காரர் படியால் இறங்க முதல் வாசித்துவிட்டேன். கத்தியதில் அவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். ஜெனாட் லொறியை ஒன்ராறியோவில் ஓரமாக நிறுத்திவிட்டு ஹோர்ண் அடித்துக்கொண்டே இருந்தார், போனில் எனக்குக் கேட்டது. குறிப்பு என்ற இடத்தில் அதிகாரி அம்மா ஒரு வரி எழுதியிருக்கிறா: "நுழைவறை மிகச் சிறப்பு. தரை சோதிக்கப்பட்டது."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு முதல் பிள்ளை வருகிறது. ஆறு கொழுவியிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். அந்த அறைக்குள் போய்ச் சும்மா வாங்கில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், ஒரு நாளைக்குப் பத்துத் தரம். நான் செய்தது மாமா. நான் என் கையால் செய்தது.

இனிக் கடிதம் போதும். எனக்கு எழுத நேரம் இருக்காது, ஆறு பிள்ளைக்கு மூக்குத் துடைக்கவேண்டும். நாளைக்குப் பூசை முடிய வாங்கோ. சாப்பாட்டுக்கு. பின்வாசலால்.

உங்கள் மருமகள்,
நிரஞ்சனி


மெற்றோவில்
ஜனவரி 7, ஞாயிறு

அன்பு மருமகளுக்கு,

மஞ்சள் பாதையில் ஏறும்போது எழுதத் தொடங்கினேன், இப்போது செம்மஞ்சள் பாதையில் இருக்கிறேன். எழுத்து ஆடுகிறதென்றால் அது ரயிலின் குற்றம்.

உனக்கு எழுத நூற்றெட்டு விஷயம் இருந்தது. அலெக்சாந்தரும் நெப்போலியனும் செய்யாததை நீ செய்தாய் என்று தொடங்கி மூன்று பக்கம் மனதில் வைத்திருந்தேன். கத்தரின் பக்கத்தில் இருந்து, "அவளுக்கு நேரமில்லை எண்டெல்லோ எழுதினவள், சுருக்கமா எழுதுங்கோ" என்கிறாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்குக் கீழ்ப்படிகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்ப ஆளில்லை, தபால்காரியும் என்னோடுதான் வருகிறாள். ஆகவே கதவின் கீழால் நானே தள்ளிவிடுகிறேன். நீ இதை வாசிக்கிறாய் என்றால் நான் பின்வாசலில்தான் நிற்கிறேன்.

கதவைத் திற பிள்ளை, குளிருது.

மாமா